நட்சத்திரத்துக்குக் கீழே மூன்று பேர்

கம்ப்யூட்டர் வந்துவிட்டால் ஆள் பார்த்து வேலை கொடுப்பது நின்றுவிடும் என்று மேனேஜர் வர்மா சொன்னபோது, எல்லோரையும்விட பலமாகக் கை தட்டியவர் சிம்மாசலம் மேஸ்திரி. ஆள் பார்த்து வேலை கொடுத்துக்கொண்டிருந்தவரே அவர்தான்.

காக்கிநாடா கால்வாய்க் கரையில் எங்கள் அரிசி யார்டு. லாரியிலிருந்து குடோனுக்கு, குடோனிலிருந்து பார்ஜ் என்னும் தட்டைப் படகுக்கு, பார்ஜிலிருந்து கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு என்று மூட்டை போகும். எங்கே போனாலும் மூட்டைக்கு அடியில் இருப்பது ஒரு மனிதனின் கழுத்து. என் அப்பா அந்தக் கழுத்துகளில் ஒன்றாக இருந்து தேய்ந்தவர். அவர் பெண் லோவா நான், கேட்டுக்குப் பக்கத்து டைம் ஆபீஸில் உட்கார்ந்து வருகை போடுகிறேன்.

ஒவ்வொரு கேங்கிலும் ஒரு நட்சத்திரம் உண்டு. மேஸ்திரியின் சொந்தக்காரனாக இருப்பான். பழைய வருகைப் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் நட்சத்திரக் குறி போட்டிருக்கும். அவன் கேட்டுக்குள் வருவான், தலைக்கணக்கில் சேருவான், பார்ஜில் ஏறுவான், தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொள்வான். அவன் பங்கு மூட்டையை மற்றவர்கள் தூக்குவார்கள். ஏன் என்று கேட்டவன் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பான். எங்கள் கேங்கின் நட்சத்திரம் கொல்லு வீரபாபு, மேஸ்திரியின் பெண்டாட்டிக்குத் தம்பி. மூட்டை தூக்கும் ஹமாலிகளில், தூங்குவதற்கென்றே வீட்டிலிருந்து தலையணை கொண்டுவருகிற ஒரே ஆள்.

கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன் பனீந்திரா. நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். எல்லாருடைய பெயரையும் டேட்டாபேஸில் ஏற்றினான். காலையில் நான் ஒரு கமாண்ட் அடித்தால் போதும். அவன் எழுதிய ஸ்கிரிப்ட் டேட்டாபேஸிடம் போய் இன்றைக்கு யார் யார் என்று கேட்கும், வந்த பதிலைப் பட்டியலாக அச்சடிக்கும். செக்யூரிட்டி சன்யாசிராவ் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு உள்ளே விடுவார். ராணுவத்தில் இருந்து வந்தவர். காகிதத்தில் இருப்பதுதான் அவருக்கு வேதம்.

முதல் நாளே கேங்கில் ஆள் இரண்டு மடங்காகிவிட்டது. பதிலில் எங்கே இடைவெளி வந்தாலும் ஸ்கிரிப்ட் அங்கே வெட்டி, வெட்டிய ஒவ்வொரு துண்டையும் ஒரு ஆளாக எண்ணியிருந்தது. எங்கள் பக்கம் வீட்டுப்பெயர் முன்னால், சொந்தப்பெயர் பின்னால். சன்யாசிராவ் "கொல்லு!" என்று கூப்பிட்டார். வீரபாபு போய் நின்றான். பிறகு "வீரபாபு!" என்று கூப்பிட்டார்.

"நான்தானே நிக்கறேன்," என்றான் அவன்.

"நீ கொல்லு. வீரபாபு எங்க?"

"ரெண்டும் நான்தான்யா."

"ரெண்டு ஆளா வர முடியாது. ஒருத்தன் வெளிய போ."

பனீந்திரா ஓடிவந்தான். இடைவெளியில் வெட்டாமல் இருக்க ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, பெயர்களில் இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டான். எல்லாருக்கும் வீட்டுப்பெயருக்கும் சொந்தப்பெயருக்கும் நடுவில் ஒரு அடிக்கோடு விழுந்தது. அத்தோடு தீர்ந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

"பனீந்திரா காரு," என்று மேஸ்திரி வந்து நின்றார். "நம்ம வீரபாபு பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்குமே. அதைக் காணோம்."

"அது எதுக்கு மேஸ்திரி?"

"அது... மரியாதைக்கு."

பனீந்திரா போட்டுக்கொடுத்தான். பெயர், ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரம். மறுநாள் காகிதத்தில் வீரபாபுவின் பெயரும், அதற்கு அடுத்த வரியில் தனியாக ஒரு நட்சத்திரமும் வந்தன. சன்யாசிராவ் நட்சத்திரத்தை இரண்டு நிமிஷம் பார்த்தார். அதைக் கூப்பிட முடியாது என்பதால் விட்டுவிட்டார். ஆள் பார்த்து வேலை கொடுக்காத கம்ப்யூட்டர் இப்படியாக எங்கள் யார்டில் வேலைக்குச் சேர்ந்தது.

சேராதவன் ஒருவன் உண்டு. ஓலேட்டி நூகராஜு, என் அக்கா மாணிக்யத்தின் புருஷன். பத்து வருஷம் இங்கே தூக்கியவன். போன சீசனில் குடோனில் அடுக்கு சரிந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு அவன் வீட்டில் கிடந்த நாட்களில்தான் பெயர் ஏற்றினார்கள். நேரில் நின்றவர்களின் பெயர் மட்டும் ஏறியது. தோள் கூடி அவன் வந்தபோது வர்மா கையை விரித்தார்.

"புது ஆள் எடுக்கறதை ஹைதராபாத் ஆபீஸ் நிறுத்திடுச்சு நூகராஜு."

"நான் புது ஆள் இல்லையே சார். உங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு நீ புதுசு."

அதற்குப் பிறகு தினமும் காலையில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வந்து நிற்பான். தலைத்துணி கட்டி, கொக்கியை இடுப்பில் செருகி, வேலைக்குப் போகிறவன் மாதிரியே வருவான். யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை. அக்கா இறால் உரிக்கும் கொட்டகையில் ஐஸில் கை வைத்து வைத்து நகக்கண்ணெல்லாம் வெளுத்துப்போயிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் அவள் கையைப் பார்த்துத்தான் சாப்பிட்டன. "சூரத்துக்குப் போய் நூல் மில்லுல சேர்ந்துடறேன்," என்று அவன் சொல்லத் தொடங்கியிருந்தான். அங்கே போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

பனீந்திராவுக்குக் கல்யாணம் வந்தது. நீண்ட லீவில் போவதற்கு முன்னால், ஏதாவது கெட்டுப்போனால் உதவும் என்று சில ஃபைல்களை ஸ்கிரிப்ட் ஓடும் ஃபோல்டரிலேயே போட்டுவிட்டுப் போனான். அதுவரை அது காலி ஃபோல்டராகத்தான் இருந்தது.

மறுநாள் காலை நான் கமாண்ட் அடித்தேன். பட்டியல் வந்தது. சன்யாசிராவ் வாங்கிக்கொண்டு போய்க் கூப்பிடத் தொடங்கினார்.

"கொல்லு வீரபாபு!"

"இருக்கேன்." தலையணையோடு போனான்.

"பேக்கப் ஜூலை!"

யாரும் வரவில்லை.

"பேக்கப் ஜூலை! காது கேக்கலையா?"

"யாருய்யா அது?" என்றார் மேஸ்திரி.

"உங்க கேங்குதான். வீட்டுப்பேரு பேக்கப். பேரு ஜூலை."

"ஜூலை மாசம் பொறந்திருப்பான் போல," என்றது வரிசையில் ஒரு குரல்.

"டெஸ்ட் டூ! ஃபைனல் லாஸ்ட்!"

"அவங்க வீட்டுல அவன்தான் கடைசிப் பிள்ளை. அதுக்கு மேல வேணாம்னு பேரு வெச்சிருக்காங்க." வரிசை சிரித்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நட்சத்திரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் அந்த மூன்று பெயர்கள். எல்லாருடைய பெயரையும் போலவே நடுவில் அடிக்கோடு. பனீந்திராவுக்கு போன் போட்டேன். எடுத்தது அவன் மாமனார் வீட்டு மேளச்சத்தம்தான்.

"அந்த மூணையும் அடிச்சிடுங்க மாமா," என்றேன்.

"காகிதத்தை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா," என்றார் சன்யாசிராவ். "காகிதத்துல தலை இருந்தா பார்ஜுல தலை இருக்கணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. முன்பொரு தடவை நடுக்கடலில் ஒருவன் தண்ணீரில் விழுந்துவிட்டான். கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஆள் குறைவது தெரிந்தது. அன்றிலிருந்து பட்டியலில் உள்ள தலையும் பார்ஜில் உள்ள தலையும் ஒத்துப்போனால்தான் கயிறு அவிழ்ப்பார்கள். குறைந்தால் மேஸ்திரி ஆபீஸுக்குப் போய், ஏன் குறைந்தது என்று எழுதிக்கொடுத்துவிட்டு வரவேண்டும். அதற்குள் கடல் இறங்கி, கால்வாயில் தண்ணீர் வடிந்துவிடும். பார்ஜ் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும்.

மேஸ்திரி தண்ணீரைப் பார்த்தார். கைபேசியை எடுத்து, பெண்டாட்டி வழியில் இன்னும் மிச்சமிருந்த இரண்டு பையன்களை எழுப்பினார். அவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மூன்றாவதுக்கு எழுப்ப ஆள் இல்லை. டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

"டேய் நூகா! இங்க வா. இன்னைக்கு நீதான் ஜூலை."

"எந்த ஜூலை?"

"பேக்கப்."

"யாராச்சும் அப்பன் பேரு கேட்டா?"

"தலைதான் எண்ணுவாங்க. உனக்குத் தலை இருக்குல்ல? ஓடு."

நூகராஜு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். கேட்டைத் தாண்டும்போது சன்யாசிராவ், "பேக்கப் ஜூலை?" என்றார். அவனை அவருக்குப் பத்து வருஷமாகத் தெரியும். "இருக்கேன்," என்றான் அவன். அவர் காகிதத்தில் ஒரு டிக் போட்டார்.

ஒரு நாளைக்கு என்று நினைத்தோம். மறுநாளும் மூன்று பெயரும் வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன. வர்மா பட்டியலின் கடைசியில் இருக்கும் கூட்டுத்தொகையைத் தவிர வேறெதையும் படிக்கமாட்டார். தொகை கூடியது அவருக்கு வளர்ச்சியாகத் தெரிந்தது. டெஸ்ட் டூவும் ஃபைனல் லாஸ்ட்டும் முதல் நாளே வீரபாபுவின் தலையணையில் பங்கு கேட்டுச் சண்டை போட்டார்கள். தார்ப்பாய்க்கு அடியில் மூன்று நட்சத்திரங்கள். அவர்கள் மூட்டையும் சேர்த்துத் தூக்கியவர்களில் முதல் ஆள் ஜூலை. இறங்கிக் கூடிய தோளை விட்டுவிட்டு மறுதோளில் சுமந்தான்.

"கேங்குல பேரு இல்லாதவன் ஒருத்தன்தான் ஒழுங்கா வேலை பாக்கறான்," என்றார்கள் பார்ஜ்காரர்கள்.

"பேருக்கு என்ன, மாசத்துக்கே அவன் பேருதான்," என்றான் வீரபாபு படுத்தபடி.

அக்கா கொட்டகைக்குப் போவதை விட்டாள். நகக்கண்ணில் ரத்தம் ஓடத் தொடங்கியது. கோபம் வந்தால் மட்டும், "உங்கப்பன் ஜூலை வரட்டும், சொல்றேன்," என்று பிள்ளைகளை மிரட்டினாள்.

வருகைக் கணக்கு தினமும் ஹைதராபாத்துக்குப் போகும். அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர். தொடர்ந்து வருகிறவன் யாராக இருந்தாலும் அதுவாகவே ஊழியர் எண் போட்டுவிடும். ஒருநாள் தபாலில் மூன்று காப்பீட்டு அட்டைகள் வந்தன. பேக்கப் ஜூலை, ஆண். நூகராஜு பத்து வருஷம் தூக்கியும் பார்க்காத அட்டை. அவன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "தோள் இறங்கினப்ப இது இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம்," என்றான்.

மூன்று மாதம் கழித்து பனீந்திரா ஒருவழியாகத் திரும்பினான். மாமனார் ஊரான ஆத்ரேயபுரத்திலிருந்து பூதரேக்குலு இனிப்பு கொண்டுவந்திருந்தான். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அன்றைய பட்டியலை எடுத்தவன், சிரித்த சிரிப்பில் சர்க்கரைத்தூள் கீபோர்டெல்லாம் பறந்தது.

"லோவா, இதெல்லாம் என் ஃபைல்! நான் வெச்சிட்டுப் போன ஃபைல்!"

"ஃபைல் எப்படிப் பட்டியல்ல வரும்?"

"அந்த நட்சத்திரம்தான். மேஸ்திரிக்கு அது மரியாதை. கமாண்ட் ஓடற இடத்துல நட்சத்திரம்னா இந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லாத்தையும் கொண்டான்னு அர்த்தம். ஃபோல்டர் காலியா இருந்த வரைக்கும் கொண்டுவர எதுவும் இல்ல, நட்சத்திரம் நட்சத்திரமாவே நின்னுச்சு. நான் மூணு ஃபைல் வெச்சேன். மூணையும் கூட்டிட்டு வந்துடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "டேட்டாபேஸ்ல இருந்து வர்ற பதிலை அப்படியே நம்பி வெறுமனே விட்டேன் பாரு, அது என் தப்பு. ரெண்டு மேற்கோள் குறிக்குள்ள வெச்சிருக்கணும். அரை நிமிஷ வேலை."

கை கீபோர்டுக்குப் போனது.

"கொஞ்சம் இருங்க," என்றேன். "அப்ப ஜூலை?"

"ஜூலை ஒரு ஃபைல், லோவா."

"ஜூலை எங்க பாவா. அக்கா புருஷன்."

விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. ஆனால் கை கீபோர்டை விட்டுப் போகவில்லை.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி விடறது? நாளைக்கு ஃபோல்டர்ல இன்னும் பத்து ஃபைல் விழுந்தா பத்துப் பேர் வருவாங்க."

"அப்போ அந்த நட்சத்திரத்தை எடுத்துடுங்க. தூங்கறவன்தானே அது."

"அது டேட்டாபேஸ்ல இருக்கற தகவல். மேஸ்திரி கேட்டுப் போட்டது. அதைத் தொட வர்மா சார் கையெழுத்து வேணும்."

இரண்டு குறிகளையும் போட்டான். மறுநாள் பட்டியல் சுத்தமாக வந்தது. வீரபாபு, அதே வரியில் அழகாக அவன் நட்சத்திரம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் குறி காவலுக்கு நின்றதால் முன்னைவிடப் பத்திரமாகவே இருந்தது.

நூகராஜு வழக்கம்போல வரிசையில் நின்றான். சன்யாசிராவ் கடைசிப் பெயர் வரை கூப்பிட்டு முடித்துக் காகிதத்தை மடித்தார்.

"நான் இருக்கேனே," என்றான் நூகராஜு.

"நீ இருக்க. காகிதத்துல இல்ல."

அவன் என் ஜன்னலைப் பார்த்தான். நானும் அவனையே பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அன்று சாயங்காலமே அக்கா மறுபடி கொட்டகைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவன் சூரத் ரயிலுக்கு விசாரித்தான்.

அந்த வாரம் வர்மாவுக்கு ஹைதராபாத்திலிருந்து மெயில் வந்தது. எண் பெற்ற மூன்று ஊழியர்கள் ஒரே நாளில் நின்றுவிட்டார்கள், அதில் ஜூலை என்பவர் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர், துன்புறுத்தல் ஏதாவது நடந்ததா என்று விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வருகிறார் என்று எழுதியிருந்தது. வர்மா பனீந்திராவைக் கூப்பிட்டார். பனீந்திரா உண்மையைச் சொன்னான். வர்மாவுக்கு வியர்த்தது.

"ஃபைலுக்கா கூலி கொடுத்தேன்? ஆளே இல்லாம பேரு போட்டேன்னு என்னைத் தூக்கிடுவாங்களே!"

"ஆள் இருந்தாங்க சார். பேருதான் இல்ல."

"அதை அந்தம்மா நம்புவாங்களா? ஆளைக் கூப்பிடு!"

டெஸ்ட் டூவும் ஃபைனல் லாஸ்ட்டும் ஒரு போனில் வந்துவிட்டார்கள். நூகராஜு வரவில்லை. இரண்டாவது தடவை ஆள் அனுப்பியும் வரவில்லை. கடைசியில் வர்மாவே ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். அந்தக் கடை பெஞ்சில் ஒரு மேனேஜர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தோம். எட்டிப் பார்க்கவென்றே நானும் டீ குடிக்கப் போனேன்.

"நூகராஜு, நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு."

"வரேன் சார். நூகராஜுன்னு எழுதுங்க."

"அது முடியாதுப்பா. புது ஆள் எடுக்கறதை நிறுத்தியிருக்கு. ஜூலை புது ஆள் இல்ல. ஜூலை லீவுல போயிருக்கான், அவ்வளவுதான்."

"என் பேருல நான் புதுசு. எவன் பேருலயோ நான் பழசா?"

"அப்படித்தான் இருக்கு. நான் என்ன பண்ண?"

"ரயிலு நாளான்னைக்கு," என்றான் நூகராஜு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே. "சூரத்துல பேரு கேட்டா சொந்தப் பேரையே சொல்லலாமாம்."

வர்மா என்னைப் பார்த்தார். நான் டீயை ஊதினேன். அவர் பெஞ்சில் நூகராஜு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த அட்டை இருக்குல்ல, அது உனக்கே. பிள்ளைங்களுக்கும் சேரும். எண்ணும் நிலையான எண். இனி யாரும் உன்னை வெளிய நிறுத்த முடியாது. என்னாலகூட முடியாது."

கடைசியாகச் சொன்னதுதான் நூகராஜுவைத் தொட்டது. கிளாஸைக் கீழே வைத்தான்.

அன்று மத்தியானம் பனீந்திரா மூன்று பெயரையும் டேட்டாபேஸில் தன் கையாலேயே சேர்த்தான். "தப்பைத் திருத்திட்டேன். இப்ப அதே தப்பை ஒழுங்கா உள்ள ஏத்தறேன்," என்றான்.

அதிகாரி ஷாஹீன் மேடம் வந்தார். கண்டிப்பானவர், ஆனால் குரல் உயராது. டைம் ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நூகராஜு எதிரே வந்து நின்றான். வர்மா அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"நீங்கதான் ஜூலையா?"

நூகராஜு திரும்பி வர்மாவைப் பார்த்தான். வர்மாவின் துண்டு கழுத்திலேயே நின்றது.

"ஆமாம்மா."

"அப்பா பேரு இல்லையே இதுல?"

"ஓலேட்டி முத்யாலு." அதை மட்டும் சத்தமாகச் சொன்னான். அவர் எழுதிக்கொண்டார்.

"இங்க எவ்வளவு நாளா வேலை பார்க்கறீங்க?"

மூன்று மாதம் என்று வர்மா முந்தின நாள் முழுக்க அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"பத்து வருஷம்," என்றான் நூகராஜு.

வர்மாவின் துண்டு கீழே விழுந்தது. ஷாஹீன் மேடம் பேனாவை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் காய்ப்பேறிய இடத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எல்லா யார்டுலயும் இப்படித்தான் சொல்றாங்க. பத்து வருஷம்னா போகும்போது பணம் கிடைக்கும்ல? பொய் சொல்லக்கூடாது ஜூலை. ரெகார்டு எங்ககிட்ட இருக்கு." மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன் அன்று அந்த அறையில் சொன்ன உண்மை இரண்டு. ஒன்று ஏறியது, மற்றொன்றுக்குத் திட்டு விழுந்தது.

துன்புறுத்தல் எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டு அவர் காரில் ஏறினார். வர்மா காஜா இனிப்பு டப்பாவோடு பின்னாலேயே ஓடினார்.

நூகராஜு ஜன்னலருகே நின்று தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினான்.

"பத்து வருஷமும் போச்சே பாவா," என்றேன்.

"அது நூகராஜு தூக்கினது," என்றான். "அவன்தான் வேலைக்கு வரலையே."

கரையில் பார்ஜ்காரன் கத்தினான். தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. ஜூலை கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடினான்.